ஒரு தீவும் எட்டு மேசையும்

தீவை ஆளுவதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற நினைப்போடுதான் ஆக்லாந்தில் போய் இறங்கினேன். பாம்பன் தீவில் மூன்று வருடம் அரசு அலுவலராக இருந்தவள் நான். தண்ணீர் லாரி வராத நாளில் எந்தத் தெருப் பெண்கள் முதலில் காலிக் குடத்தோடு அலுவலக வாசலுக்கு வருவார்கள் என்பது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அதனால் தங்கை மீனா போனில், "அக்கா, நாங்க ஒரு தீவுல சாப்பாட்டுக் கடை போடப் போறோம். நீ வந்து பாரு" என்றதும் சேர்த்து வைத்திருந்த விடுப்பை மொத்தமாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

விமான நிலையத்தில் சீருடை போட்ட ஒரு பெண், சாப்பிடுகிற பொருள் ஏதாவது உண்டா என்று கேட்டாள். உண்டு என்று பெருமையாகச் சொன்னேன். கருவாடு, மோர்மிளகாய், வேப்பம்பூ எல்லாம் வரிசையாக மேசைமேல் ஏறின. வேப்பம்பூவை அவள் ஒரு குச்சியால் கிளறிப் பார்த்து, "இதை எதற்குச் சாப்பிடுகிறீர்கள்?" என்றாள். "கசப்புக்கு" என்றேன். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. கருவாடு மட்டும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பெட்டியின் அடியில் இருந்த மூன்று பொன்னாடைகளை அவள் தொடவே இல்லை. வெளியூர் போகும்போது யாருக்குப் போர்த்த வேண்டி வருமோ என்று நான் எப்போதும் இரண்டு மூன்று எடுத்து வைப்பது வழக்கம். அதைப் பறிமுதல் செய்திருந்தால் எல்லாருக்கும் நல்லதாகப் போயிருக்கும்.

மீனாவின் வீடு பக்குரங்காவில். ஊரில் மார்கழிக் குளிர், இங்கே உச்சி வெயில். தெரு முழுக்கப் புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தம். மனிதச் சத்தம் மருந்துக்கும் இல்லை. மூலைக்கடையை டெய்ரி என்கிறார்கள். மாடும் இல்லை, வைக்கோலும் இல்லை, ஒரு குஜராத்திக்காரர் ரொட்டியும் ஐஸ்கிரீமும் விற்கிறார்.

மீனாவின் கணவன் குகன் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சென்னையில் அகதியாக இருந்த காலத்தில் ஒரு மெஸ்ஸில் தோசை வார்த்தான். அங்கே தினமும் சாப்பிடப் போனவள் மீனா. தோசையில் ஆரம்பித்தது ரிஜிஸ்டர் ஆபீசில் போய் முடிந்தது. இப்போது அவனுக்கு விரி என்ற புறநகரில் ஒரு கிடங்கில் இரவு வேலை. பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டியை ஓட்டுகிறான். இவளுக்கு எல்லர்ஸ்லியில் பகல் வேலை. அவன் வந்து படுக்கும்போது இவள் சீப்பும் கையுமாக வாசலில் நிற்கிறாள். புருஷனும் பெண்டாட்டியும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சந்தித்துக்கொள்கிற குடும்பத்தை நான் அங்கேதான் பார்த்தேன்.

"அந்தப் பெட்டியளுக்குள்ள என்ன இருக்கெண்டே எனக்குத் தெரியாது அக்கா. அஞ்சு வருசமாத் தூக்கிறன்" என்றான் குகன்.

அதற்காகத்தான் இந்தக் கடை. ஆக்லாந்துக்கு எதிரே கடலில் கிடக்கும் வைஹீக்கித் தீவில் ஒரு சின்ன இடத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். உள்ளே நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் கடைக்கு முன்னால் கடலைப் பார்த்தபடி ஒரு பெரிய பொதுப் புல்தரை. அதில் எட்டு மேசை போட அனுமதி கிடைத்தால் பிழைக்கலாம். கிடைக்காவிட்டால் மறுபடி விரிதான். வருகிற திங்கட்கிழமைக்குள் இருக்கிறாயா போகிறாயா என்று சொல்லிவிடு என்று கிடங்கு மேலாளர் கெடு வைத்திருந்தார்.

மறுநாள் தீவைப் பார்க்கப் படகில் போனோம். கடல் கொஞ்சம் துள்ளியது. நான் கடற்கரைக்காரி, எனக்கொன்றும் ஆகாது என்று சொல்லி முடிப்பதற்குள் வயிறு புரட்டியது. எதிர் இருக்கையில் பின்னிக்கொண்டிருந்த ஒரு அம்மா, ஒன்றும் பேசாமல் இஞ்சி பிஸ்கட் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டு மறுபடி பின்ன ஆரம்பித்தாள். என் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. அந்த நாகரிகம் எனக்குப் பிடித்திருந்தது.

தீவு எங்கள் பாம்பனைப்போலத் தட்டையில்லை. எங்கே பார்த்தாலும் மேடு, பள்ளம், அதற்கு நடுவே அரை நிலா வடிவில் கடற்கரைகள். கரையோர மரங்களில் இலையே தெரியாமல் சிவப்புப் பூ. குழாய்த் தண்ணீர் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக் கூரை மழையும் அந்தந்த வீட்டுத் தொட்டிக்குப் போகிறது. தொட்டி வற்றினால் லாரி. இதைக் கேட்டதும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்ததுபோல் ஆகிவிட்டது. லாரிக்குச் சண்டை உண்டா என்று விசாரித்தேன். போன் செய்தால் வரும், பணம் கொடுக்க வேண்டும், சண்டை எதற்கு என்றார்கள். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மதியம் கடை வாசலில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் காகிதத்தில் பிரித்து வைத்துச் சாப்பிட்டோம். நான் ஒரு துண்டை எடுத்து, இதற்கு ஒரு மிளகாய்த்தூள்கூடவா கிடையாது என்று வியந்துகொண்டிருந்த நேரத்தில் கடற்காக்கை ஒன்று அதைப் பறித்துக்கொண்டு போனது. அதற்குக் காரம் வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் இரண்டு பேர் புல்தரையைப் பார்வையிட வந்தார்கள். தீவின் உள்ளூர்க் காரியங்களைப் பார்க்க ஏழு பேர் கொண்ட ஒரு சின்ன சபை இருக்கிறது. அதன் தலைவி மேரியன்; ரப்பர் பூட்ஸும் மண் ஒட்டிய காற்சட்டையுமாகச் சைக்கிளில் வந்தாள். நான் அவளுக்குப் பின்னால் ஜீப் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். வரவில்லை. கூட வந்தவர் துணைத் தலைவர் கோர்டன். ஆறரை அடி உயரம், மூன்று தலைமுறையாகத் தீவில் மாடு வளர்க்கும் குடும்பம்.

மேரியன் குகனிடம், "இந்தத் தீவில் பொரித்த மீனை விட்டால் வேறு இல்லை. நீ கடை போடு, என் வாக்கு உனக்குத்தான். மற்றவர்களுக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்" என்றாள். வெளிப்படையாக வாக்கைச் சொல்லிவிட்டுப் போகிற தலைவியை நான் கண்டதில்லை.

கோர்டன் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் பேச்சுக் கொடுத்தேன். நானும் தீவு அதிகாரிதான் என்றதும் மனிதர் இளகினார். "இந்தத் தீவின் கதை சுருக்கமானது" என்றார். "முதலில் மாவோரிகள். அவர்களிடமிருந்து பாதி வாங்கினோம், பாதி பிடுங்கினோம். பெரிய மரங்களை எல்லாம் வெட்டிக் கப்பலுக்கு அனுப்பினோம். மரம் தீர்ந்ததும் மாடு. மாடு குறைந்ததும் நீளமுடி ஹிப்பிகள் வந்தார்கள். இப்போது திராட்சை போடுகிறவர்கள் வருகிறார்கள்."

"ஆட்சி?"

"எங்களுக்கென்று தனி ஆட்சி இருந்தது. சில வருடங்களுக்கு முன்பு நகரத்தோடு சேர்த்துவிட்டார்கள். வரி கடலைத் தாண்டிப் போகிறது. ரோட்டில் பள்ளம் விழுந்தால் கடலைத் தாண்டி உத்தரவு வர வேண்டும். எங்கள் கையில் மிச்சம் இருப்பது நூலகமும் இந்த மாதிரி நாலு புல்தரையும்தான்." குகன் பக்கம் திரும்பினார். "உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் இதை ஒருவனுக்குக் கொடுத்தால் நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள். இன்றைக்கு இந்தப் புல்லில் யாரும் எப்போதும் உட்காரலாம், யாரையும் கேட்க வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும்."

வீடு திரும்பியதும் மீனா, தீவில் விசாரித்ததை வைத்து விரல்விட்டு எண்ணினாள். மேரியனோடு சேர்த்து நாலு பேர் நமக்கு, கோர்டனோடு சேர்த்து மூன்று பேர் எதிர். தப்பித்தோம் என்றாள். எனக்கு மனசு ஆறவில்லை. இத்தனை நல்ல தலைவியை வெறுங்கையோடு பார்ப்பதா? எங்கள் பக்கம் ஒரு தாசில்தாரைப் பார்க்கப் போனால்கூட ஒரு எலுமிச்சம்பழமாவது கையில் கொடுத்துக் கும்பிடுவோம். அது லஞ்சமில்லை, மரியாதை. நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என் மேசைக்கு எலுமிச்சம்பழம் வராத வாரமில்லை.

"பொன்னாடை ஒண்ணு போர்த்தி, ஒரு தட்டுல ஆப்பிளும் ஒரு எலுமிச்சம்பழமும் வச்சுக் குடுப்போம்" என்று, விண்ணப்பம் வாக்கெடுப்புக்கு வருகிற கூட்டத்தன்று காலையில் குகனிடம் சொன்னேன்.

"இஞ்ச அப்பிடிச் செய்யிறேல்லை அக்கா" என்றான் குகன்.

"நீ சும்மா இருப்பா. ஆபீசருங்க மனசு ஆபீசருக்குத்தான் தெரியும்."

மீனா அலுவலகத்தில் அரைநாள் விடுப்புக் கேட்டு நேரே படகுத்துறைக்கு வருவதாக இருந்தது. அவள் வீட்டில் இருந்திருந்தால் தட்டைப் பிடுங்கி ஒளித்திருப்பாள்.

மதியம் தீவில் இறங்கிப் பேருந்து ஏறினோம். துறையிலிருந்து ஊருக்குப் போகும் ஏற்றத்தில் பாதி வழியில் பேருந்து பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. ஓட்டுநர் திரும்பி, "எல்லாரும் இறங்கி மேலே நடந்தால் இவள் ஏறிவிடுவாள். வழக்கம்தான்" என்றார். யாரும் முணுமுணுக்கவில்லை. நான் பட்டுப்புடவையும் பழத்தட்டுமாக இறங்கினேன். நாலு எட்டு வைத்திருப்பேன், புடவை கால் விரலில் மாட்டி தட்டு சாய்ந்தது. ஆறு ஆப்பிளும் வந்த வழியே கீழே உருண்டன. பயணிகள் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூன்றைப் பிடித்தார்கள், பாதிரியார்போல இருந்த ஒருவர் இரண்டை, ஓட்டுநர் பேருந்துச் சக்கரத்தடியிலிருந்து ஒன்றை. எலுமிச்சம்பழம் மட்டும் சாக்கடையில் போய்விட்டது.

கடவுள் கண் திறந்ததுபோல் சற்று மேலே ஒரு வீட்டு வாசலில் வாளி நிறைய எலுமிச்சம்பழம். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அட்டையில் எழுதியிருந்தது. ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தேன். மீனா தலையில் கைவைத்துக்கொண்டாள். "அக்கா, இதெல்லாம் வேணாம், என் பேச்சைக் கேளு" என்றாள். தங்கை பேச்சை நான் எந்தக் காலத்தில் கேட்டேன்?

மண்டப வாசலில் மேரியனைப் பிடித்துப் பொன்னாடையைப் போர்த்தி, தட்டைக் கையில் கொடுத்துக் கும்பிட்டேன். அவள் முகம் சிவந்து, என்னைக் கட்டிக்கொண்டு, "இது எவ்வளவு அழகு" என்றாள். நான் மீனாவைத் திரும்பிப் பார்த்தேன், பார்த்தாயா என்கிற மாதிரி.

கூட்டம் தொடங்கியது. மேரியன் சரிகைப் பொன்னாடையோடு எழுந்து நின்றாள். "ஒரு விஷயத்தை நான் சபைக்குத் தெரிவிக்க வேண்டும்" என்றாள். "சற்று முன்பு இன்றைய விண்ணப்பதாரரின் குடும்பம் எனக்கு ஒரு சால்வை, ஆறு ஆப்பிள், ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தது. எலுமிச்சம்பழம் என் வீட்டு மரத்தினுடையது என்று நினைக்கிறேன்." கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் பொன்னாடையை மடித்துப் பழத்தட்டோடு எழுத்தர் முன்னால் வைத்தாள். "அன்பாகக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முடிவுக்கு முன்னால் வாங்கிவிட்டேன். ஆகவே இந்த விஷயத்தில் நான் வாக்களிக்க மாட்டேன்."

நாற்காலியிலிருந்து இறங்கி வந்து பொதுமக்கள் வரிசையில், அதுவும் என் பக்கத்திலேயே, உட்கார்ந்தாள். அவள் இடத்தில் போய் உட்கார்ந்தவர் கோர்டன்.

நாலுக்கு மூன்று இப்போது மூன்றுக்கு மூன்று. குகன் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் தங்கை என்னைப் பார்க்கவே இல்லை.

பொதுமக்கள் பேசலாம் என்றதும் நான் எழுந்தேன். எனக்குத் தெரிந்த அலுவலக ஆங்கிலத்தில், இவன் வேண்டாம் என்றுதான் சொன்னான், கொடுத்தது நான், எங்கள் ஊரில் இது மரியாதை, எனக்கே தினம் எலுமிச்சம்பழம் வரும், தண்டனை எனக்குக் கொடுங்கள், அந்தப் பிள்ளைக்கு வேண்டாம் என்றேன். கோர்டன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"அத்தனை எலுமிச்சம்பழத்தையும் என்ன செய்வீர்கள்?"

"ஊறுகாய் போடுவோம்."

மறுபடி கூடம் சிரித்தது. ஆனால் சிரிப்பு வேறு, வாக்கு வேறு. மூன்றுக்கு மூன்று. சமமாக வந்தால் தலைமையில் இருப்பவருக்கு இன்னொரு வாக்கு. "சமமாக நிற்கும்போது உள்ளது உள்ளபடியே இருக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம்" என்றார் கோர்டன். "புல் புல்லாகவே இருக்கட்டும்."

திரும்பும் படகில் எனக்குக் குமட்டல் வரவில்லை, அழுகைதான் வந்தது. இருபது வருட சர்வீஸின் திமிரில் ஒரு பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனே என்று வாய்விட்டே சொன்னேன். குகன் தன் ஜாக்கெட்டை எடுத்து என் தோளில் போட்டான். "நல்லதுக்கு எண்டுதானே செய்தனீங்கள். விடுங்கோ அக்கா. விரி எங்கயும் ஓடிப் போகாது" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

ஆக்லாந்து கட்டடங்கள் தெரிய ஆரம்பித்தபோது மீனா முதல்முறையாக வாயைத் திறந்தாள். "குகன், அந்த ஆளு அன்னைக்கு என்ன சொன்னாரு? புல்லுல யாரு வேணா உக்காரலாம், யாரையும் கேக்க வேண்டாம்னுதானே?"

"ஓம்."

"மேசை போடக் கூடாதுன்னாங்க. உக்காரக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே. நம்ம ஊர்ல கல்யாணத்துக்கே தரையில உக்காந்துதானே சாப்பிடுறோம்?"

குகன் அவள் பக்கம் திரும்பி, "பாய்க்கு எங்க போறது?" என்றான். அந்தக் குரலில் விரிக் கிடங்கு இல்லை.

பாய் வாங்க ஓட்டாரா என்ற பகுதிக்குப் போனோம். சனிக்கிழமை காலைச் சந்தை. சேப்பங்கிழங்கும் தேங்காயும் குவியல் குவியலாகக் கிடக்க, டோங்கா தேசத்துப் பெண்கள் கையால் முடைந்த பாய்களைச் சுருட்டி நிறுத்தியிருந்தார்கள். பத்தமடைப் பாயின் நைஸ் இல்லை, ஆனால் உழைக்கும். நான் ஒன்றை விரித்து உட்கார்ந்து பார்த்தேன். விற்கிற அம்மா என்னைப்போல மூன்று மடங்கு இருப்பாள்; அவளும் கூடவே உட்கார்ந்து, "இருவரைத் தாங்கும், பார்" என்றாள். "என்ன விசேஷம்? கல்யாணமா?" என்று கேட்டாள். தோசைக் கடை என்றேன். ஈரப் புல்லில் போட்டால் அடியில் தார்ப்பாய் போட வேண்டும் என்று சொல்லி, பன்னிரண்டு வாங்கியதற்கு ஒன்றைச் சும்மாவே கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தோம். புல்லில் நாங்கள் ஒரு துரும்பைக்கூட வைக்கவில்லை. பாய்கள் சுருட்டியபடி கடை வாசலுக்குள்ளே நின்றன. தோசையும் யாழ்ப்பாணத்து றோல்ஸும் வாங்குகிறவர்கள் தாங்களே ஒரு பாயைத் தூக்கிக்கொண்டு போய், இஷ்டப்பட்ட இடத்தில் விரித்து, போகும்போது சுருட்டிக் கொண்டுவந்து வைக்க வேண்டும். முதல் அரைமணிக்கு யாருக்கும் புரியவில்லை. அப்புறம் ஒரு குடும்பம் சிவப்புப் பூ மரத்தடியில் விரித்தது. அவர்களைப் பார்த்து இன்னொன்று. சம்மணம் போடத் தெரியாமல் சிலர் மண்டியிட்டார்கள், சிலர் காலை நீட்டினார்கள். பிள்ளைகள் மட்டும் பிறந்ததிலிருந்து பாயில் சாப்பிட்டவர்கள்போல உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்குள் பதின்மூன்று பாயும் போய்விட்டது. மேரியன் வரிசையில் நின்று, கேட்ட விலையைக் கொடுத்து, ரசீதும் கேட்டு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

அப்போது கோர்டன் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு புல்தரையை ஒரு சுற்றுச் சுற்றினார். மேசை இல்லை, நாற்காலி இல்லை, விளம்பரப் பலகை இல்லை. ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். கடை வாசலுக்கு வந்து மோப்பம் பிடித்தார். "அது என்ன?" என்றார்.

"மசாலாத் தோசை" என்றான் குகன்.

தட்டை வாங்கியவர் உட்கார இடம் தேடினார். "எனக்கு முழங்கால் மடங்காது. ஒரு நாற்காலி கொடு" என்றார்.

"அனுமதி இல்லையே, ஐயா."

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கோர்டனுக்கும் உதடு துடித்தது. கடைசியில் நான் ஒரு கையையும் குகன் ஒரு கையையும் பிடித்து, அந்த ஆறரை அடியையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பாயில் இறக்கினோம். ஒரு தோசை போனது. இன்னொன்று கேட்டார். அதுவும் போனது. தேநீர் குடித்துக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழப் பார்த்தார். முடியவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தார். அதுவும் நடக்கவில்லை.

"தூக்கிவிடு" என்றார்.

குகன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் எதிரே குந்தினான். "எட்டு மேசை" என்றான்.

"மூன்று."

"எட்டு."

அடுத்த பாயிலிருந்து மேரியன் சத்தமாகச் சொன்னாள்: "என் காதில் எதுவும் விழவில்லை. விழுந்தால் கூட்டத்தில் சொல்ல வேண்டி வரும்."

கோர்டன் புல்லைப் பார்த்தார். அதில் கிடந்த அத்தனை குடும்பங்களையும் பார்த்தார். "விண்ணப்பத்தைத் திரும்பப் போடு. ஐந்துக்கு நான் கை தூக்குகிறேன். சாயங்காலம் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிட வேண்டும். பாய்களும் இருக்க வேண்டும்" என்றார். "அதில் ஒரு நாற்காலிக்கு முதுகு இருக்கட்டும்."

குகன் இரண்டு கையையும் நீட்டினான்.

திங்கட்கிழமை காலையில் விரிக்குப் போன் செய்து இனி வேலைக்கு வரமாட்டார் என்று சொன்னது மீனாதான். அவனுக்கு நேரமில்லை, மாவு அரைத்துக்கொண்டிருந்தான்.